மெசின் வாள் ஒன்றை வாங்குமுன்

அதிகாலை ஐந்தரை மணி. முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்று. வேப்பமரத்தடியில் ஒரு பழைய மேசை. அதன் மேல் மெசின் வாள். பக்கத்தில் நின்றபடி ஒரு அக்கா அதன் சங்கிலிப் பற்களை வட்ட அரத்தால் ஒவ்வொன்றாகத் தீட்டிக்கொண்டிருக்கின்றார். ஒரு பல்லுக்கு மூன்று இழுவை. பிறகு அடுத்த பல். பிள்ளைகள் இருவரும் பாடசாலைக்கு வெளிக்கிட முன்னர் அவர் வேலைக்குப் போய்விட வேண்டும்.

2009 இல் கணவரை இழந்தவர் இவர். 2011 இல் முகாமிலிருந்து காணிக்குத் திரும்பியபோது கையில் இரண்டு சிறு பிள்ளைகளும் ஒரு கோடரியும் மட்டுமே இருந்தன. வளவில் சரிந்து கிடந்த மரங்களைக் கொத்தி விறகாக்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் வெதுப்பகம் ஒன்றின் போறணைக்குக் கொடுத்தார். 2014 இல் வாழ்வாதார உதவியாக ஒரு மெசின் வாள் கிடைத்தது. முதலில் கூலிக்கு ஆள் பிடித்து அறுப்பித்தவர், கூலி போக மிச்சம் ஒன்றும் இல்லை என்று கண்டு, தானே பழகிக்கொண்டார். இன்று அயலில் உள்ள இரண்டு பெண்களும் அவருடன் சேர்ந்து வேலை செய்கின்றனர். ஒருவர் அறுக்க, ஒருவர் பிளக்க, ஒருவர் அடுக்கி ஏற்றுவார். மூன்று குடும்பங்களின் அடுப்பு அந்த ஒரு மெசினை நம்பி எரிகின்றது.

அந்த மெசின் 2021 இல் நின்றுபோனது. அதன் பிறகு அவர் பட்ட பாட்டை எமது வாசகிகளுக்காகக் கேட்டு எழுதுகின்றோம். விறகு அறுப்பவர்கள் மட்டுமல்ல, தையல் இயந்திரமோ, நீர்ப்பம்பியோ, மா அரைக்கும் இயந்திரமோ வைத்து உழைக்கும் சகோதரிகளுக்கும் இதில் பாடம் உண்டு.

மலிவு தந்த கடன்

"உதவிக்கு வந்த பொடியன் ஒயில் கலக்காத பெற்றோலை விட்டிட்டான் தங்கச்சி. பத்து நிமிசம் ஓடினது. பிறகு இழுகயிறு இழுக்கேலாமல் இறுகிப்போச்சு" என்கின்றார் அக்கா.

இந்த மெசின்களின் என்ஜினுக்குத் தனியான ஒயில் தாங்கி கிடையாது. பெற்றோலுடன் கலக்கும் ஒயிலே உள்ளே பிஸ்ரனுக்கும் சிலிண்டருக்கும் வழுவழுப்புக் கொடுக்கின்றது. அது இல்லாவிட்டால் இரும்பு இரும்போடு உரசிச் சூடேறிப் பிடித்துக்கொள்ளும்.

திருத்தக் கொண்டு போன இடத்தில், "இது இனிச் சரிவராது, புதிது வாங்குங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். அவரும் நம்பினார். உண்மையில் பிஸ்ரனும் சிலிண்டரும் மாற்றினால் அந்த மெசின் மீண்டும் ஓடியிருக்கக்கூடும். இன்னொரு திருத்துநரிடம் காட்டிக் கேட்கவில்லையே என்ற கவலை அவருக்கு இன்றும் உண்டு.

வாராந்தத் தவணையில் கடன் எடுத்து, மிக மலிவான ஒரு மெசினை வாங்கினார். பெயர்பெற்ற ஒரு மெசினின் நிறத்தையும் உருவத்தையும் அப்படியே கொண்டிருந்த போலி அது. நான்கு மாதத்தில் கிளச் எரிந்தது. உதிரிப்பாகம் எங்கும் இல்லை. மெசின் கோழிக்கூட்டின் மேல் ஏறியது. தவணைக்காரர் மட்டும் வாராவாரம் படலையடிக்கு வந்தார்.

2022 இல் சமையல் எரிவாயு கிடைக்காமல் நாடே விறகுக்கு அலைந்த காலம் வந்தது. "ரவுனில இருந்தும் ஆக்கள் விறகு கேட்டு வந்தவை. என்னட்ட மரம் இருந்தது, கேக்கிற ஆக்கள் இருந்தவை, மெசின் இல்லை. கோடரியால எவ்வளவைக் கொத்திறது?" என்கின்றார். உழைத்திருக்கக்கூடிய மாதங்கள் அப்படியே கழிந்தன.

நுண்கடன் எமது பெண்களை எவ்வளவு வாட்டியது என்பதை நாம் அறிவோம். 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவிற்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசே முன்வர வேண்டியிருந்தது. ஆகவே, கடன்பட்டு வாங்கும் கருவி கடன் தீருமுன் உடைந்துபோனால் அது கருவியல்ல, இன்னொரு கடன்.

இதற்கு அக்கா இப்போது ஒரு கணக்கு வைத்திருக்கின்றார். மெசினின் விலையைப் பார்க்காதே, அது எத்தனை மாதம் உழைக்கும் என்று பார். ஒரு பங்கு விலைக்கு வாங்கியது நான்கு மாதம் ஓடுகின்றது. மூன்று பங்கு விலைக்கு வாங்கியது ஏழு வருடம் ஓடுகின்றது. எது மலிவு?

எவ்வளவு பெரிய மெசின் தேவை?

மெசினின் வலுவை 'சீசீ' என்ற அளவால் சொல்வார்கள். 30 முதல் 40 சீசீ வரையானவை வீட்டு வளவில் கிளை வெட்டவும் இடைக்கிடை சிறு விறகு அறுக்கவும் போதும். உதாரணமாக, ஸ்டில் நிறுவனத்தின் எம்.எஸ். 180 என்பது 31.8 சீசீ. பாரமும் குறைவு. ஆனால் நாள்முழுதும் பெருமரம் அறுக்க இதைப் பிழிந்தால் வெகு சீக்கிரம் களைத்துவிடும்.

50 முதல் 60 சீசீ வரையானவை கிழமையில் சில நாட்கள் வேம்பு, பூவரசு, தென்னை போன்றவற்றை அறுப்பவர்களுக்குப் பொருந்தும். 60 இற்கு மேற்பட்டவை தடித்த, வைரமேறிய மரங்களை அன்றாடம் அறுக்கும் தொழிலாளருக்கானவை. ஸ்டில் எம்.எஸ். 381 என்பது 72.2 சீசீ. இதன் வெறும் உடலே 6.6 கிலோ. பாரும் சங்கிலியும் பெற்றோலும் ஒயிலும் சேர்ந்தால் எட்டுக் கிலோவைத் தாண்டிவிடும்.

இங்குதான் பெண்கள் நிதானிக்க வேண்டும். பெரியது நல்லது என்று கடைக்காரர் சொல்வார். மாலை நான்கு மணிக்கும் அதைத் தூக்கிப் பிடிக்கப் போவது உங்கள் கைகள். கடையிலேயே பெற்றோலும் ஒயிலும் நிரப்பிய மெசினைக் கேட்டு வாங்கி, இடுப்பளவில் ஐந்து நிமிடம் பிடித்துப் பாருங்கள். தோளிலோ முதுகிலோ சன்னத் துண்டுகளோடு வாழும் சகோதரிகள் எம்மிடையே பலர். அவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. மெசினின் அதிர்வு பழைய காயத்தை நோகச் செய்யும்.

சங்கிலி ஓடும் நீளத் தகட்டைப் 'பார்' என்பார்கள். 16, 18, 20 அங்குலங்களில் கிடைக்கும். நீளமான பார் போட்டால் பெரிய மெசின் ஆகிவிடாது. சிறிய என்ஜினில் நீளப் பார் போட்டால் இழுக்க மாட்டாமல் திணறும். 18 அங்குலப் பாரால் அதைவிடத் தடித்த குற்றியையும் இரு பக்கமும் மாறி மாறி அறுத்து முடிக்கலாம். அக்கா தெரிவு செய்தது 60 சீசீயைச் சற்றுத் தாண்டிய மெசினும் 18 அங்குலப் பாரும்.

கடையில் என்ன பார்ப்பது?

முதலாவது கேள்வி மெசினைப் பற்றியதல்ல, உதிரிப்பாகத்தைப் பற்றியது. "இதற்கு கிளச், பிஸ்ரன், கார்பரேற்றர் தனித்தனியாக வாங்கலாமா? இங்கே இருக்கின்றதா? எடுத்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். காட்ட முடியாத கடையில் வாங்க வேண்டாம். உங்கள் ஊர்த் திருத்துநர் எந்த மெசினைத் திருத்திப் பழகியவர் என்பதையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

இரண்டாவது, உடல். வீட்டுப் பாவனைக்கான மெசின்கள் பலவற்றில் என்ஜினைத் தாங்கும் கூடு பெரும்பாலும் பிளாஸ்ரிக். தொழில் மெசின்களில் அது மக்னீசிய உலோகம். சூட்டையும் அதிர்வையும் நெடுநாள் தாங்குவது உலோகமே. சிலிண்டரைத் தனியாகக் கழற்றி மாற்றலாமா என்றும் கேளுங்கள்.

மூன்றாவது, பாதுகாப்பு. முன்கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் செயின் பிரேக், சங்கிலி அறுந்தால் பிடிக்கும் கொளுக்கி, தற்செயலாக வேகம் ஏறாமல் தடுக்கும் பூட்டு, அதிர்வைக் குறைக்கும் இறப்பர் அல்லது சுருள்வில். இந்த நான்கும் இல்லாத மெசினை இனாமாகத் தந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நான்காவது, போலி. ஜேர்மனியில் 1926 இல் தொடங்கிய ஸ்டில், சுவீடனின் ஹஸ்க்வர்னா ஆகியன இத்துறையில் பெயர் பெற்றவை. ஹஸ்க்வர்னா 1689 இல் துப்பாக்கித் தொழிற்சாலையாகத் தொடங்கிய நிறுவனம். துவக்குச் செய்த பட்டறை 1959 முதல் மரம் அறுக்கும் மெசினும் செய்கின்றது. இப்பெயர்களில் போலிகள் ஏராளம். உடலில் பொறித்த தொடர் இலக்கம் தெளிவாக இருக்கின்றதா, பெயரின் எழுத்துக்கள் சரியா, விலை நம்பமுடியாத அளவு குறைவா என்று பாருங்கள். அங்கீகாரம் பெற்ற முகவரிடமே வாங்குங்கள். பற்றுச்சீட்டும் உத்தரவாத அட்டையும் இன்றிக் காசைக் கொடுக்காதீர்கள்.

மின்சாரத்தில் ஓடுபவையும் பற்றரியில் ஓடுபவையும் உண்டு. சத்தமும் புகையும் குறைவு. வீட்டோடு சிறு விறகு அறுக்க நல்லவை. ஆனால் வயரில் ஓடுவது மின் இணைப்பு உள்ள இடத்துக்குள் மட்டும்தான். நாள்முழுதும் காணியில் நின்று அறுப்பதற்குப் பற்றரிகள் பல வேண்டும். செலவு கூடும்.

பாவித்த மெசின் வாங்கலாமா?

வாங்கலாம். நல்ல தொழில் மெசின் ஒன்று, பாவித்ததாக இருந்தாலும், புதிய போலியைவிட மேல். ஆனால் திருத்துநர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். என்ஜின் ஆறியிருக்கும்போது, சுவிச்சை நிறுத்தி வைத்துவிட்டு, இழுகயிற்றின் கைப்பிடியில் பிடித்து மெசினைத் தூக்குங்கள். மெல்ல மெல்ல விட்டு விட்டு இறங்கினால் உள்ளே அமுக்கம் இருக்கின்றது. சரசரவென்று கீழே போனால் பிஸ்ரன் தேய்ந்துவிட்டது. சைலன்சரைக் கழற்றி, அந்தத் துவாரத்தின் வழியாக பிஸ்ரனைப் பாருங்கள். மேலிருந்து கீழாகக் கீறல்கள் தெரிந்தால் வேண்டாம். பிறகு என்ஜினை ஓடவிட்டு, பத்து நிமிடம் சூடாகிய பின் நிறுத்தி மீண்டும் இயக்குங்கள். ஆறியிருக்கும்போது மட்டும் இயங்கி, சூட்டில் இயங்க மறுக்கும் மெசின்களும் உண்டு.

இரும்பு விழுங்கிய மரங்கள்

வேறு நாட்டில் அச்சிட்ட எந்தக் கைநூலிலும் பெரிதாக எழுதியிராத ஒன்று எமது மண்ணில் உண்டு. எமது மரங்களுக்குள் இரும்பு இருக்கின்றது. சன்னங்களும் எறிகணைச் சிதறல்களும் பட்டையைத் துளைத்துப் போய், அதன் மேல் மரம் வளர்ந்து மூடிவிட்டது. வெளியே பார்த்தால் நல்ல மரம். சங்கிலி பட்டால் நெருப்புப் பொறி பறக்கும். ஒரே நொடியில் பற்கள் போய்விடும். சங்கிலி அறுந்து தெறிக்கவும் கூடும்.

"என்ர மேலுக்கையும் ரெண்டு துண்டு இருக்கு. மரத்துக்கையும் இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்துதான் உழைக்கிறம்" என்று சொல்லிச் சிரிக்கின்றார் அக்கா.

அறுக்குமுன் மரத்தைச் சுற்றி வந்து பாருங்கள். பட்டையில் பழைய தழும்போ, புடைப்போ, சுருங்கிய துளையோ இருந்தால் அந்த இடத்தைச் சுண்ணாம்பால் குறியிட்டு விலக்குங்கள். அறுத்த முகத்தில் நீலமும் கருப்பும் கலந்த கறை தெரிந்தால் அருகில் இரும்பு இருக்கலாம். உடனே நிறுத்தி, மிச்சத்தை ஆப்பும் கோடரியும் கொண்டு பிளவுங்கள். இடிந்த வீட்டு வளைகளிலும் தீராந்திகளிலும் ஆணி இருக்கும். சந்தேகமான மரத்துக்கென்று பழைய சங்கிலி ஒன்றைத் தனியாக வைத்திருப்பது அக்காவின் வழக்கம்.

இதைவிடப் பெரிய ஆபத்து நிலத்தில் இருக்கின்றது. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்திலும், துப்புரவு செய்து முடிந்தது என்று உறுதியாகத் தெரியாத காட்டோரத்திலும் விறகுக்குக் கால் வைக்கவே கூடாது. வெடிக்காத பொருள் எதைக் கண்டாலும் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள். அதன் அருகில் குப்பை எரிக்காதீர்கள். பிள்ளைகளை விலக்கி, பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். ஒரு கட்டு விறகுக்கு ஒரு கால் விலையாகாது.

எண்ணெயும் அரமும்

மெசினின் ஆயுள் பாதி கடையில், பாதி எமது கையில். பெற்றோலும் இரண்டடிப்பு ஒயிலும் கலக்கும் அளவு மெசினின் புத்தகத்தில் இருக்கும். ஐம்பதுக்கு ஒன்று என்றிருந்தால் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் ஒயில், ஐந்து லீற்றருக்கு 100. இருபத்தைந்துக்கு ஒன்று என்றிருந்தால் லீற்றருக்கு 40. கண்மட்டத்தில் ஊற்றாமல் மருந்துப் போத்தல் மூடி போன்ற அளவு குறித்த ஒன்றால் அளந்து ஊற்றுங்கள். கலந்த பெற்றோல் கானுக்குச் சிவப்புத் துணி கட்டி, வெறும் பெற்றோலிலிருந்து பிரித்து வையுங்கள். அக்காவின் முதல் மெசின் போனது இந்த ஒரு பிழையால்தான். கலவையை ஒரு மாதத்துக்கு மேல் வைத்துப் பாவிக்க வேண்டாம்.

சங்கிலிக்கு விடும் ஒயில் வேறு. வாகனத்தில் வடித்த பழைய ஒயிலை விட்டால் அதிலுள்ள உலோகத் தூள் பாரைத் தின்னும், உங்கள் தோலுக்கும் கேடு. பெற்றோல் நிரப்பும் ஒவ்வொரு முறையும் சங்கிலி ஒயிலையும் நிரப்புங்கள். என்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, புகைப்பவர் எவரும் அருகில் இல்லாதபோது நிரப்புங்கள்.

மரத்தூளே சங்கிலியின் நிலையைச் சொல்லிவிடும். சீவல் சீவலாக விழுந்தால் கூர் இருக்கின்றது. மாவாக விழுந்தால் மொட்டை. மொட்டைச் சங்கிலியை அழுத்தி அறுத்தால் என்ஜின், பார், உங்கள் கை மூன்றும் கெடும். வட்ட அரத்தின் தடிப்பு சங்கிலிக்கு ஏற்ப மாறும். 0.325 அங்குலச் சங்கிலிக்கு 4.8 மில்லிமீற்றர் அரம் பொருந்தும். புதுச் சங்கிலி வாங்கும்போது பாரில் பொறித்த அளவுகளையும் பழைய சங்கிலியின் உட்கண்ணிகளின் எண்ணிக்கையையும் எழுதிக்கொண்டு போங்கள். காற்று வடியை நாளாந்தம் தட்டித் துடையுங்கள்.

உயிர் முதலில்

பாரின் நுனியில் மேற்பகுதி எதிலாவது பட்டால் மெசின் கண் இமைக்குமுன் முகத்தை நோக்கி எகிறும். நுனியால் அறுக்காதீர்கள். தோளுக்கு மேல் தூக்கி அறுக்காதீர்கள். இடது கைப் பெருவிரல் முன்கைப்பிடியைச் சுற்றி இருக்கட்டும். சத்தம் 100 டெசிபலைத் தாண்டும், ஆகவே காதை மூடுங்கள். கண்ணாடி, தடித்த காற்சட்டை, சப்பாத்து அவசியம். சேலையோ, பாவாடையோ, தொங்கும் தாவணியோ கூடாது. "சனம் என்ன சொல்லும் எண்டு முதலில வெக்கப்பட்டனான். கால் போனாச் சனமே வந்து சோறு போடும்?" என்று கேட்கின்றார் அக்கா. தனியாக ஒருபோதும் அறுக்க வேண்டாம். நின்ற மரத்தை விழுத்துவதை அனுபவசாலியிடம் விடுங்கள். விழுந்ததை அறுப்பதே எமக்குப் போதும்.

சட்டமும் உண்டு. மெசின் வாளைப் பதிவு செய்வது பற்றிப் பிரதேச செயலகத்தில் கேட்டு, அந்தக் கடதாசியை மெசினோடு வைத்திருங்கள். 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைச் சொந்தக் காணியில் நின்றாலும் அனுமதியின்றித் தறிக்க முடியாது. அரச காட்டில் கை வைத்தால் மெசினும் போகும், மானமும் போகும். மரத்தையோ விறகையோ ஏற்றிச் செல்லுமுன் அதற்கு அனுமதி வேண்டுமா என்றும் கிராம அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூவர் பிடித்த சீட்டு

இரண்டாவது முறை அக்கா கடனுக்குப் போகவில்லை. மூன்று பெண்களும் சீட்டுப் பிடித்தார்கள். கோடரி வேலையில் வந்த காசில் வாராவாரம் ஒரு பங்கு சேர்ந்தது. ஒரு வருடத்துக்கு மேல் சென்றது. 2023 இல் மூவரும் சேர்ந்து பேருந்தில் ஏறிப் போய், உதிரிப்பாகத்தை எடுத்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, மெசினைத் தூக்கிப் பார்த்து, பற்றுச்சீட்டோடு வாங்கி வந்தார்கள். மெசின் மூவருக்கும் பொது. ஒவ்வொரு லோட் விறகுக்கும் ஒரு சிறு தொகையை மெசினின் பெயரால் ஒரு தகரப் பேணியில் போடுகின்றார்கள். சங்கிலி, பிளக், திருத்தச் செலவு எல்லாம் அதிலிருந்துதான். யார் எவ்வளவு போட்டார் என்பது ஒரு கொப்பியில் எழுதப்படுகின்றது. எழுதுவது அக்காவின் மூத்த மகள்.

நாம் விடைபெறும்போது சங்கிலி தீட்டி முடிந்திருந்தது. லாண்ட்மாஸ்டர் சத்தம் ஒழுங்கை முனையில் கேட்டது. ஏறுமுன் அக்கா பெற்றோல் கானைத் தூக்கி, சிவப்புத் துணி கட்டியிருக்கின்றதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டார்.